ஒருவர் எழுத, மற்றவர் திருத்த



இணையத்தில் கூடிப் பணியாற்றுதல் என்ற தலைப்பைத் தந்து பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கருவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தப் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று விளக்கிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். அப்படிச் செய்யப் போவதில்லை. பொத்தான்கள் அடிக்கடி இடம் மாறுகின்றன. இன்றைக்கு எல்லோரும் கொண்டாடும் கருவி நாளைக்கு மூடப்படலாம். ஆனால் எந்தக் கருவியை எடுத்தாலும் கூடவே வரும் கேள்வி ஒன்று உண்டு. அந்த ஒரு கேள்வியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள். அதில் ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது. அதை யார் திருத்துவது?

கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தெரியும். ஆனால் ஒரு குழு நிலைக்குமா, சிதறுமா என்பதை இந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் பதில்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு பள்ளிக்கு நூற்றாண்டு விழா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விழா மலர் போட வேண்டும். பொறுப்பில் நான்கு பேர். ஒருவர் உள்ளூர், ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் பணி ஓய்வு பெற்றுக் கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். மலரின் கோப்பு மின்னஞ்சலில் நான்கு பேருக்கும் போகிறது. கோவையில் இருக்கும் பெரியவர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர். முன்னாள் தலைமையாசிரியர்கள் பட்டியலில் ஒருவருடைய இனிஷியல் தவறாக இருப்பது அவர் கண்ணில் படுகிறது. தம்மிடம் இருக்கும் கோப்பில் திருத்துகிறார், அனுப்புகிறார். அதே நாளில் சிங்கப்பூர்க்காரர் தம்மிடம் இருக்கும் கோப்பில் படங்களைச் சேர்க்கிறார், அனுப்புகிறார். அச்சகத்துக்குப் போவது படம் சேர்ந்த கோப்பு. மலர் அச்சாகி வருகிறது. படங்கள் அழகாக இருக்கின்றன. இனிஷியல் பழைய தவறோடு நிற்கிறது. அந்தத் தலைமையாசிரியரின் பேரன் விழாவுக்கு வந்து மலரைப் புரட்டிப் பார்க்கிறார்.

தவறைத் திருத்த ஆள் இல்லையா? இருந்தார். திருத்தினாரா? திருத்தினார். பிறகு ஏன் அது மலருக்குள் வரவில்லை? ஒரே மலர் நான்கு கோப்புகளாகப் பிரிந்து கிடந்ததால் வரவில்லை. நால்வரும் உழைத்தார்கள், ஆனால் நால்வரும் ஒரே இடத்தில் உழைக்கவில்லை.

இந்தக் குறையைப் போக்கத்தான் கணினி அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு நடந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆராய்ச்சியாளர் மேடையில் உட்கார்ந்துகொண்டு, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த தம் ஆய்வுக்கூடத்துக் கணினியை இயக்கிக் காட்டினார். அங்கே இருந்த சக ஆராய்ச்சியாளரின் முகம் திரையில் ஒரு மூலையில் தெரிந்தது. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். இன்று நாம் கையில் வைத்து உருட்டும் மவுஸ் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததும் அதே மேடையில்தான். அன்று ஒரு மண்டபமே வியந்து பார்த்த காரியத்தை இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் தோழியோடு சேர்ந்து கூகுள் டாக்ஸில் செய்கிறாள்.

அந்த மாணவியின் திரைக்குப் பின்னால் நடப்பது என்ன? சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான வேலை. பக்கத்தில் ‘மழை பெய்தது’ என்று இரண்டே சொற்கள் இருக்கின்றன. திருநெல்வேலியில் ஒருத்தி வரியின் தொடக்கத்தில் ‘நேற்று’ என்று சேர்க்கிறாள். அதே நொடியில் டொரான்டோவில் இருக்கும் அவள் அத்தை, முதல் சொல்லுக்குப் பிறகு ‘பலமாக’ என்று சேர்க்கிறார். அத்தைக்கு முதல் சொல் என்பது ‘மழை’. ஆனால் அவர் செய்தி கணினிக்கு வந்து சேர்வதற்குள் முதல் சொல் ‘நேற்று’ ஆகிவிட்டது. வந்ததை அப்படியே வைத்தால் ‘நேற்று பலமாக மழை பெய்தது’ என்று விழும். அத்தை நினைத்தது அதுவா? ‘நேற்று மழை பலமாக பெய்தது’ என்றல்லவா அவர் நினைத்தார்! ஆகவே கணினி ஒரு கணக்குப் போடுகிறது. இவர் எழுதத் தொடங்கியபோது பக்கம் எந்த நிலையில் இருந்தது, அதற்குப் பிறகு முன்னால் எத்தனை எழுத்து சேர்ந்தது என்று பார்த்து, அத்தையின் சொல்லை ஒரு சொல் தள்ளி வைக்கிறது. இருவர் திரையிலும் ஒரே வரி தெரிகிறது. இப்படி நிலையை மாற்றிக் கணக்கிடும் முறையை 1989-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். அது வீட்டுக்கு வீடு வந்து சேரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

‘பலமாக’வுக்கும் ‘பெய்தது’க்கும் நடுவில் ஒற்று மிகும், ‘பலமாகப்’ என்று ‘ப்’ வர வேண்டும் என்று இங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் மனதுக்குள் திருத்தியிருப்பீர்கள். அதைத்தான் கேட்கிறேன். அந்தக் கணக்கையெல்லாம் செய்த கணினி அந்த ஒற்றைப் போடாது. அதை யார் திருத்துவது?

நண்பர்களே, ஒரே பக்கத்தில் பலர் எழுத முடிந்துவிட்டால் கூட்டு வேலை தானாக நடந்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. 2009-ல் கூகுள் நிறுவனம் ‘வேவ்’ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. மின்னஞ்சல், உரையாடல், ஆவணம் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் எதிராளியின் திரையில் அப்போதே தோன்றும். அழைப்பு கிடைக்காதா என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. தொழில்நுட்பத்தில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்தவர்களுக்கு, இங்கே என்ன வேலை, என் பங்கு எது, எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய ஓர் இடம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அறிஞர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டச் சரிபார்ப்பு முடிய வேண்டும், அதன் பிறகே வெளியாகும். எவ்வளவு பொறுப்பான ஏற்பாடு! தவறே உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஏழு காவல். முதல் ஆண்டில் முடிந்த கட்டுரைகள் இருபது சொச்சம்.

அப்போது அவர்கள் கண்ணில் பட்டது விக்கி. வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995 மார்ச்சில் இணையத்தில் ஏற்றிய எளிய கருவி அது. பக்கத்தைப் படிப்பவர் எவரோ, அவரே அதைத் திருத்தலாம். 2001 ஜனவரி 15 அன்று அந்த வகைக் கருவி ஒன்றின் மேல் விக்கிப்பீடியா தொடங்கியது. ஓராண்டில் கிட்டத்தட்ட 20,000 கட்டுரைகள்! அதே மனிதர்கள், அதே நோக்கம். மாறியது ஒன்றுதான். நூபீடியா தவறு வராமல் தடுக்கப் பார்த்தது. விக்கிப்பீடியா தவறு வரட்டும், ஆனால் வந்ததைத் திருத்துவது எளிதாக இருக்கட்டும் என்றது.

அப்படியென்றால் கண்டவர் கண்டதை எழுதிவிட்டுப் போக மாட்டார்களா? நியாயமான கேள்வி. எழுதினார்கள். 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையோடு அவருக்குத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று எவரோ பொய்யாக எழுதிவைத்தார். அந்தப் பொய் நான்கு மாதத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது. கென்னடி குடும்பத்தோடு நெருங்கிப் பழகிய மனிதர் அவர். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! திருத்தும் வசதி இருந்ததா? இருந்தது. ஏன் திருத்தவில்லை? யாரும் அந்தப் பக்கத்தைக் கவனித்துப் படிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புதுக் கட்டுரை தொடங்குவதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியா விதி வகுத்தது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உள்ளே ஆள் இருக்க வேண்டும். கூட்டு வேலையை ஆதரித்துப் பேசுகிறவன் இந்த நிகழ்ச்சியை மறைத்துப் பேசக்கூடாது.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் வாசலில் வெள்ளம் வந்தபோது என்ன நடந்தது?

2015 டிசம்பர் முதல் வாரம். சென்னையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் இல்லை, பல இடங்களில் தொலைபேசி இல்லை, அடையாறு கரையை மீறி ஓடுகிறது. அப்போது வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. இந்தத் தெருவில் முதியவர்கள் சிக்கியிருக்கிறார்கள், படகு வேண்டும். இந்த எண்ணை அழைத்தால் உணவுப் பொட்டலம் கிடைக்கும். நல்ல மனத்தோடு ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார், பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்பினார்கள். அந்த முதியவர்களை மீட்டாகிவிட்டது. செய்தி நின்றதா? நிற்கவில்லை. மறுநாளும் அது சுற்றியது. மீட்கப்பட்ட வீட்டை மறுபடி தேடி ஆட்கள் போனால், மீட்கப்படாத வீடு காத்துக் கிடக்கும். ஃபார்வர்டு செய்த செய்தியில் தவறு இருந்தால், அதை யார் திருத்துவது? எவராலும் முடியாது. அது ஆயிரம் கைகளில் ஆயிரம் படிகளாகப் பிரிந்துவிட்டது.

அதே நாட்களில் வேறு சில இளைஞர்கள் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்தார்கள். தங்க இடம் தருபவர்கள், உணவு தருபவர்கள், உதவி கேட்பவர்கள் எல்லாம் ஒரே அட்டவணையில். சென்னையில் மின்சாரம் இல்லாதபோது வேறு ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள் அந்த எண்களை அழைத்துச் சரிபார்த்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல், நீர் நிற்கும் தெருக்களை மக்களே தொட்டுக் குறிக்கும் ஏற்பாடும் நடந்தது. தண்ணீர் வடிந்தால் அந்தக் குறியை எடுத்துவிடலாம். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, ‘கேரளா ரெஸ்க்யூ’ தளத்தை மாநில அரசின் தகவல் தொழில்நுட்பப் பிரிவும் தன்னார்வ நிரலாளர்களும் சேர்ந்து எழுப்பினார்கள். நிரல் திறந்து கிடந்தது, முன்பின் தெரியாதவர்கள் இரவோடு இரவாக அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

அட்டவணையில் ஒரே ஒரு பத்தி எத்தனை பெரிய வேலையைச் செய்யும் என்று பாருங்கள். ‘கடைசியாகச் சரிபார்த்த நேரம்’ என்று தலைப்பிட்ட ஒரு பத்தி. அதில் காலை 9.40 என்று இருந்தால், அந்த எண்ணை இப்போது அழைக்கலாம். முந்தின நாள் தேதி இருந்தால், முதலில் சரிபார்க்க வேண்டும். பேரிடர்ப் பணிக்கு அட்டவணை போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெயர்ப் பத்தியைப் போடும் முன்பே இந்தப் பத்தியைப் போடுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள். லிங்க் தெரிந்த எவரும் பார்க்கும்படி ஓர் அட்டவணையைத் திறந்துவைத்தால், உதவி கேட்ட பெண்ணின் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் ஊர் முழுக்கப் பார்க்கும். வெள்ளம் வடிந்த பிறகும் பார்க்கும். வேலை முடிந்த அன்றே அந்த விவரங்களை எடுத்துவிடுவது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

இனி நம் மொழிக்குள் வருகிறேன். இந்த அரங்கில் நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

தமிழில் கூட்டு உழைப்பு இணையத்தோடு பிறந்ததன்று. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாம் தொகுதி 1968-ல். எத்தனையோ அறிஞர்கள் கட்டுரை எழுதி அனுப்பினார்கள், ஆசிரியர் குழு செப்பனிட்டது. நாம் தலைவணங்க வேண்டிய உழைப்பு. ஆனால் 1954-ல் அச்சான தொகுதியில் ஒரு பிழையைக் கண்ட வாசகர் என்ன செய்வார்? கடிதம் எழுதுவார், காத்திருப்பார். ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைப்பார். அந்தப் பென்சில் திருத்தம் அந்த ஒரு படியோடு நின்றுவிடும்.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். மின்னஞ்சல்தான் கருவி. கூலி கிடையாது. யூனிகோடு பரவாத காலம் அது. ஒருவர் கணினியில் தெரியும் தமிழ் எழுத்து இன்னொருவர் கணினியில் தெரியாது. அந்த நிலைமையில் அவர்கள் சேர்த்து வைத்ததைத்தான் இன்று உலகெங்கும் தமிழ் படிப்போர் கட்டணமில்லாமல் எடுத்துப் படிக்கிறார்கள்.

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா. இலங்கையில் பிறந்து, ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன் அதைத் தொடக்க நாளில் தூக்கி நிறுத்தினார். முதலில் மிகச் சிலர். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஊர் கூடித் தேர் இழுத்தது போல என்று இதைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தேர் வடத்தை ஊரே ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தாக வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஒருவர் திங்கட்கிழமை இரவு ஒரு பத்தி எழுதுகிறார். புதன்கிழமை விடியற்காலையில் வேறு நாட்டில் ஒருவர் அதில் ஆண்டைத் திருத்துகிறார். மூன்று ஆண்டு கழித்து ஒரு மாணவி அதற்கு ஒரு படம் சேர்க்கிறாள். மூவரும் சந்தித்ததே இல்லை. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆனாலும் வேலை நகர்கிறது.

சண்டை வராதா? வரும். இலங்கைத் தமிழர் ‘அவுஸ்திரேலியா’ என்று எழுதுவார், நாம் ‘ஆஸ்திரேலியா’ என்போம். கிரந்த எழுத்து வேண்டும் என்பார் ஒருவர், கூடாது என்பார் ஒருவர். இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கட்டுரை ஒரு தலைப்பில் இருக்கும், மற்றப் பெயரில் தேடினாலும் அதே கட்டுரைக்குக் கொண்டுபோய்விடும் ‘வழிமாற்று’ ஒன்றைப் போட்டுவைப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் தத்தம் வழக்கில் தேடி ஒரே பக்கத்துக்கு வந்து சேரலாம். மிச்சம் இருக்கும் வாதத்தை உரையாடல் பக்கத்தில் நடத்துவார்கள். எல்லோருக்கும் பொதுவான பேச்சுக்கு ‘ஆலமரத்தடி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. சில வாதங்கள் முடிவதில்லை. முடியாத வாதத்தோடும் ஒரு குழு பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பக்கத்தின் மேலே ‘வரலாறு’ என்று ஒரு சொல் இருக்கும். அதைச் சொடுக்கினால் முதல் நாளிலிருந்து யார் எதை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பது வரிசையாக வரும். ஒருவர் கெடுத்ததை ஓரிரு சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பழையதை மறைக்காத இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. பதிப்பாசிரியர் உ.வே.சா. அவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டார்கள். ஊர் ஊராகப் போய் ஏடுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டினார்கள். ஒரு பாடத்தைத் தேர்ந்தார்கள், மற்றப் பாடத்தை மறைக்கவில்லை. நாளைக்கு வேறொருவர் வந்து வேறு விதமாகத் தேரலாம் என்ற பெருந்தன்மை அதில் இருந்தது. இன்று கருவி அதைத் தானாகச் செய்துகொடுக்கிறது. நீங்கள் எழுதியதை நான் மாற்றினாலும் நீங்கள் எழுதியது அழியாது. அந்த உறுதி இருப்பதால்தான், முன்பின் தெரியாத ஒருவர் என் வாக்கியத்தில் கை வைக்க நான் சம்மதிக்கிறேன்.

அப்படிக் கை வைப்பவர் ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். சேமிக்கும் முன் ‘தொகுப்புச் சுருக்கம்’ என்று ஒரு சிறு பெட்டி வரும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ‘ஆண்டு சரிபார்க்கப்பட்டது’ என்று இரண்டு சொல் போட்டால், எழுதியவர் மனம் புண்படாது. ஒன்றும் சொல்லாமல் அழித்தால், என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் புதியவர் ஒருவர் அன்றோடு போய்விடுவார். அப்படிப் போனவர்கள் நிறைய. எண்ணிப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இப்போது, பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் இணைய நூலகமான விக்கிமூலம். நூலகத்தில் நின்று பேசுகிறவன் இதைச் சொல்லாமல் போனால் குற்றம்.

மறைமலையடிகள், திரு.வி.க., கல்கி, பாவாணர் என்று எத்தனையோ பேருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன் படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது. அவை விக்கிமூலத்துக்குள் வந்தன. ஸ்கேன் என்பது படம். படத்தில் இருக்கும் சொல்லைத் தேட முடியாது, கண்பார்வை இல்லாதவருக்குக் கணினி அதைப் படித்துக் காட்டாது. ஆகவே எழுத்துணரியைக் கொண்டு படத்தை எழுத்தாக மாற்றினார்கள். லட்சக்கணக்கான பக்கங்கள். எழுத்துணரி நன்றாகவே படிக்கும். ஆனால் பிழை விடும்.

என்ன பிழை? துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிவிடும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவத்தில் இருக்கும், ‘றா’, ‘ணா’, ‘னா’ ஒட்டெழுத்தாக இருக்கும். அங்கே எழுத்துணரி தடுமாறும். புள்ளி மங்கிப்போன மெய்யெழுத்தை உயிர்மெய்யாகப் படிக்கும். இதையெல்லாம் நம் கண் பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ‘ஔவையார்’ என்று எழுதும்போது முதல் எழுத்து ‘ஔ’. அதற்குப் பதிலாக ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டாலும் திரையில் ஏறத்தாழ அப்படியே தெரியும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நாளைக்கு ஓர் ஆய்வு மாணவி ‘ஔவையார்’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. நூல் இருக்கும், ஔவை அதில் இருப்பார், தேடியவருக்குக் கிடைக்க மாட்டார்.

இதை யார் திருத்துவது? நாம்தான்.

பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் எழுத்துணரி தந்த உரை, மறு புறம் அச்சுப் பக்கத்தின் படம். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது வரிகள். வேண்டுமானால் அன்றைக்கு அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மிச்ச நூலை வேறு யாராவது பார்ப்பார்கள். நூலின் அட்டவணைப் பக்கத்தில் ஒவ்வொரு பக்க எண்ணும் ஒரு நிறத்தில் இருக்கும். யாரும் மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள். அதை இன்னொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. படம் தெளிவில்லை, வரி கிழிந்திருக்கிறது என்றால் ஊதா.

இந்த இடத்தில் கருவியைச் செய்தவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மஞ்சளாக்கியவர் அதே பக்கத்தைப் பச்சையாக்க முடியாது. அவருடைய திரையில் அந்தத் தேர்வே வராது. அவர் பெரிய தமிழறிஞராக இருக்கலாம், ஐயாயிரம் பக்கம் பார்த்தவராக இருக்கலாம். இன்னொருவர் வந்துதான் ஆக வேண்டும். அந்த இன்னொருவர் பத்தாம் வகுப்பு மாணவனாக இருக்கலாம். ஏன் இந்த விதி? தான் எழுதிய பக்கத்தைத் தானே படிக்கும்போது, கண் அங்கே இருப்பதைப் படிப்பதில்லை, மனத்தில் இருப்பதைப் படிக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார். அந்த அனுபவத்தை இந்தக் கருவி ஒரு விதியாகவே எழுதி வைத்துவிட்டது. அறிஞர் திருத்தியதை மாணவன் மறுபடி பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், பெரியவர் அதை ஏற்கலாம். நம் ஊரில் இப்படி ஒரு பழக்கம் வேரூன்றினால், அது எந்த மென்பொருளையும்விடப் பெரிது என்று நான் கருதுகிறேன்.

கைபேசியில் தட்டும் பிள்ளைகளே, உங்களுக்குத் தமிழ் விசைப்பலகை பழக்கம். பெரியவர்களே, உங்களுக்குப் பழைய எழுத்து வடிவம் பழக்கம், தும்பிக்கை வைத்த ‘லை’யை நீங்கள் தடங்கல் இல்லாமல் படிப்பீர்கள். ஒரு வீட்டில் தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒருவர் படிக்க ஒருவர் தட்ட, ஒரு மாலையில் நாலைந்து பக்கம் முடியும். பேத்தியின் கணக்கில் அது மஞ்சளாகும். தாத்தா ஒரு கணக்குத் தொடங்கிக்கொண்டால், வேறொருவர் மஞ்சளாக்கி விட்டுப்போன பக்கங்களைப் பச்சையாக்கலாம். கணக்குத் தொடங்க ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். உண்மைப் பெயர் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை மதிப்பெண்ணுக்கான பணியாக்கி, ஒருவருக்கு இத்தனை பக்கம் என்று கணக்குக் காட்டச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் படிக்காமலேயே நிறத்தை மாற்றிவிடுவார்கள், பிழை பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பச்சைப் பக்கத்தை மறுபடி யாரும் திறந்து பார்ப்பது அரிது. விருப்பப்பட்டு வருகிற நான்கு பிள்ளைகள் போதும்.

விக்கிமூலத்தில் இன்று சிவப்புப் பக்கங்கள்தான் மிகுதி. மஞ்சளில் நின்றுபோன நூல்களும் நிறைய இருக்கின்றன. முதல்முறை வருபவர்கள் அந்த மஞ்சள் பக்கங்களில் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே ஒருவர் திருத்தியிருப்பதால் வேலை எளிது, எப்படித் திருத்த வேண்டும் என்பதும் பார்த்தே பழகிவிடும். கூட்டம் முடிந்த பிறகும் கணினி அறையைச் சிறிது நேரம் திறந்து வைப்பதாக நூலகர் சொல்லியிருக்கிறார். நானும் அங்கே இருப்பேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், கேள்விகளை அங்கேயே பேசிக்கொள்ளலாம்.